முப்பது முடிகிற மகளுக்கு

அன்பு மகளே,

கர்த்தருடைய கிருபை உன்னோடும் மாப்பிள்ளையோடும் இருப்பதாக. இந்த மாதம் உனக்கு முப்பது முடிகிறது. வாழ்த்தைப் போனில் சொல்லிவிடலாம். இதை எழுதித்தான் சொல்ல வேண்டும்.

மோசேயின் ஜெபமான 90-ஆம் சங்கீதம் நம் ஆயுசை எழுபது வருஷம், பெலமிருந்தால் எண்பது என்கிறது. எழுபது வருஷம் ஏறக்குறைய 25,550 நாள். அதில் உனக்கு 10,950 கழிந்துவிட்டது. இந்தக் கணக்கைப் பார்த்ததும் சிலர் பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்க்கிறார்கள். சிலர் இன்னும் 14,600 இருக்கிறதே என்று சாய்ந்துகொள்கிறார்கள். அந்த எழுபதும் யாருக்கும் கொடுத்த வாக்கு அல்ல அம்மா. நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே, உங்கள் ஜீவன் புகையைப்போலிருக்கிறதே என்று யாக்கோபு 4:14 சொல்லுகிறது. மோசேயும் கூடுதல் நாட்களைக் கேட்கவில்லை. இருக்கிற நாட்களை எண்ணும் அறிவைக் கேட்டார்.

கூடுதல் நாட்கள் கிடைத்தவர் யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜா. மரணப்படுக்கையில் அழுது ஜெபித்தார். 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதன் பிறகுதான் பாபிலோனிலிருந்து வந்தவர்களுக்குத் தன் பொக்கிஷசாலை முழுவதையும் திறந்து காட்டினார். அதெல்லாம் கொள்ளைபோகும், உமது குமாரரிலும் சிலர் கொண்டுபோகப்படுவார்கள் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொன்னபோதும், என் நாட்களிலாவது சமாதானம் இருக்குமே என்று ஆறுதலடைந்தார். மகன் மனாசே ராஜாவானபோது வயது 12. வேதம் சொல்கிற கணக்குப்படி அவன் பிறந்ததே அந்தக் கூடுதல் வருஷங்களில்தான். தகப்பன் இடித்துப்போட்ட விக்கிரக வழிபாட்டு மேடைகளைத் திரும்பக் கட்டியவனும் அவன்தான். நாள் கூடினால் ஞானம் தானாக வந்துவிடாது. "நேரம் கிடைக்கட்டும், செய்கிறேன்" என்று யார் சொன்னாலும் நான் நம்பாதது இதனால்தான்.

ஆகையால் முதலில் ஒரே ஒரு வாரத்தை எழுதிப் பார். நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் மணி, எதிரே செய்த காரியம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுது. ராத்திரி மொத்தமாக எழுதினால், செய்ததை விட்டுவிட்டு, செய்திருக்க வேண்டியதை எழுதிவிடுவோம். போனில் போன நேரத்தை மட்டும் ஞாபகத்திலிருந்து எழுதாதே. போனே அந்தக் கணக்கை வைத்திருக்கிறது. வாரத்துக்கு 168 மணி. தூக்கத்துக்கு 56, வேலைக்கும் போய்வரவும் 50, சமையல், துணி, குளியல் என்று 21. மீதி 41. அது எங்கே போகிறது என்று நோட்டு காட்டிவிடும்.

பார்த்ததும் பத்துத் தீர்மானம் எடுக்கத் தோன்றும். எடுக்காதே. பத்தும் இரண்டாம் வாரத்திலேயே விழும். ஒன்றை எடு, அதற்குக் கிழமையும் மணியும் குறி. வேதவாசிப்பாக இருந்தால் கணக்கு எளிது: 1,189 அதிகாரம், வாரநாளில் தினம் 3, ஞாயிறு 5, வருஷத்துக்குள் முடியும். பலிகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமத்தில் பலர் நின்றுபோவதற்கு அந்தப் புஸ்தகம் மட்டும் காரணமல்ல. நாலு நாள் விட்டுப்போகும். 12 அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க உட்கார்ந்து, களைத்து, அடியோடு விட்டுவிடுவார்கள். விட்டுப்போனதை அப்படியே விட்டுவிட்டு அன்றைக்குள்ளதை வாசி.

அந்த 41 மணியையும் ஊழியத்துக்குக் கொடுத்துவிடாதே. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்லுகிறது. சாப்பிடக்கூட நேரமில்லாதிருந்த சீஷர்களைச் சற்றே இளைப்பாறக் கூப்பிட்டவர் ஆண்டவர்தான். ஓய்வு வீண் அல்ல.

எல்லாம் முடியாதே என்ற கவலை வந்தால் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க்கை நினை. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் புஸ்தகம் வரை மொழிபெயர்த்திருந்தபோது 1719-ல் மரித்தார், வயது 36. மிச்சத்தைப் பின்னால் வந்த சூல்ச் முடித்தார். ரூத் வரை செய்து வைத்ததனால்தான் அடுத்தவர் எடுத்துத் தொடர முடிந்தது. எங்கள் கைகளின் கிரியையை எங்களிடத்தில் உறுதிப்படுத்தும் என்று மோசேயின் அந்தச் சங்கீதம் முடிவதும் எனக்குப் பெரிய ஆறுதல்.

வீட்டுக்காரியமும் இதில் சேர்ந்ததுதான். வங்கிக் கணக்கு, காப்பீடு, கடன் எல்லாம் ஒரே தாளில் எழுதி மாப்பிள்ளையிடம் காட்டு. நாமினி பெயரைச் சரிபார். கல்யாணத்துக்கு முன் போட்ட பெயரே பலருக்கு அப்படியே இருக்கும்.

கடைசியாக, நான் முதலிலேயே எழுத நினைத்தது. நீ யாரோடு பேசாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதமாட்டேன். சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணியவேண்டும் என்று வேதம் சொல்ல, உங்களுக்குள் எத்தனையோ அஸ்தமனம் ஆகிவிட்டது. மெசேஜ் அனுப்பாதே, போன் செய். நீ செய்ததை மட்டும் சொல்: "அன்றைக்கு எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியது தப்பு, மன்னித்துவிடு." அதற்குப் பின் "ஆனால்" என்று தொடங்காதே, தொடங்கினால் பழைய வழக்கு திரும்ப ஆரம்பமாகும். அவர் உடனே இளகாவிட்டால் வற்புறுத்தாதே. உன் பங்கு அவ்வளவுதான். இந்த ஞாயிறு ஆராதனைக்குப் போகுமுன் பேசிவிடு. என்ன பேசினாய் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
அப்பா