படபடப்புக்கு மாத்திரை கேட்டு வருபவரிடம்

தமிழ்நாட்டின் மருந்துக்கடை உரிமையாளர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

நான் மனநல ஆலோசகர். என்னிடம் வருகிறவர்களில் பலர் முதலில் உங்களிடம்தான் வந்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறினால் மூச்சு முட்டுகிறது, நாலு பேர் முன்னால் பேச நின்றால் கை நடுங்குகிறது என்று டாக்டரிடம் சொல்லக் கூசுபவர்கள், தெரிந்த கடையில் "நெஞ்சு படபடப்பாக இருக்கிறது, தூக்கமும் இல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சில கடைகளில் இரக்கப்பட்டு, சீட்டு இல்லாமலே, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் என்ற மருந்தில் நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கிறார்கள். அந்த இரக்கத்தின் விளைவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்படி வருபவர் பயத்துக்காக மது குடிப்பவராகவும் இருக்கலாம். கூட்டத்துக்கு அஞ்சுபவருக்கு முதல் இரண்டு பெக் உண்மையிலேயே பயத்தைக் குறைக்கிறது. இதை நாம் ஒப்புக்கொள்ளாததால்தான் குடிப்பவர் நம் பேச்சை நம்புவதில்லை. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை அடக்குகிறது. தினமும் குடித்தால் மூளை அதற்கு நேர்மாறாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. போதை இறங்கியபின் அந்த மாற்றம் மட்டும் மிஞ்சுகிறது. விடியற்காலையில் வியர்த்து விழிப்பதும், கை நடுக்கமும், காரணம் தெரியாத பயமும் அப்படி வருபவை. பழைய பயம் முற்றிவிட்டதென்று எண்ணி அவர் உங்கள் கடைப்படி ஏறுகிறார். அல்பிரசோலமும் அதே காபா வழியாகவே வேலை செய்கிறது. அன்று இரவு மதுவும் மாத்திரையும் உடலில் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

காபி, டீ குடிப்பவர்களின் கதை வேறு. உடலில் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. திடீர் திடீரென்று கடும் பயம் தாக்கும் பீதி நோய் உள்ளவர்களுக்கு அதிகக் காஃபீனே பீதியைத் தூண்டிவிடும். சில தலைவலி மாத்திரைகளிலும் காஃபீன் உண்டு. சளி மருந்தின் சூடோஎபிட்ரினும் ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமாலும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். இவையெல்லாம் உங்கள் அலமாரியில் இருப்பவை. என்னைவிட நீங்கள் நன்கு அறிந்தவை. ஆகவே அவரைச் சற்று ஓரமாக அழைத்து, குடிப்பாரா, ஒரு நாளைக்கு எத்தனை காபி, வேறென்ன மருந்து எடுக்கிறார் என்று கேளுங்கள். பலருக்கு மாலைக் காபியை நிறுத்தினாலே தூக்கம் திரும்பிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பயம் தணிய, பயந்த இடத்திலேயே நின்று, ஒன்றும் ஆகவில்லை என்பதை உடல் கற்க வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறியவர், மாத்திரைதான் காப்பாற்றியது என்று கற்றுக்கொள்கிறார். அடுத்த முறை மாத்திரை இல்லாமல் அவரால் ஏற முடிவதில்லை.

2014 மார்ச் முதல் அல்பிரசோலம், கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் ஹெச்1 அட்டவணையில் இருக்கிறது. மருந்துச் சீட்டு வேண்டும்; டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும்; பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் வருவார் என்பதற்காக மட்டும் அதை எழுதாதீர்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் அந்த மாத்திரையில் இருப்பவரைத் திட்டி அனுப்பிவிடவும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று மதுவை விட்டாலும் அப்படித்தான். அளவைப் படிப்படியாகக் குறைக்க டாக்டர் வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அனுப்புங்கள். தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை எழுதிக் கொடுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.