கரி அடுப்பையும் கணக்கில் எடுங்கள்: டோக்கியோ மாநகர அரசுக்கு ஒரு திறந்த மடல்

டோக்கியோ மாநகர அரசின் நகர வளர்ச்சித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கண்டா சுதாச்சோவில் இருக்கும் 'போத்தான்' உணவகத்தைப் பற்றி எழுதுகிறேன். 1897 வாக்கில் தொடங்கிய கடை. 1923 நிலநடுக்கத் தீயில் அந்த வட்டாரம் அழிந்த பிறகு, 1929இல் கட்டிய மரவீட்டில்தான் இன்றும் நடக்கிறது. 1945 குண்டுவீச்சிலும் அந்தச் சில தெருக்கள் எப்படியோ தப்பின. அந்த வீட்டை வரலாற்றுக் கட்டடமாகத் தேர்ந்தெடுத்தது உங்கள் அரசு. நல்ல காரியம்.

ஆனால் நீங்கள் வைத்திருக்கும் அளவுகோல் என்ன? கட்டி 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பொது இடத்திலிருந்து எளிதாகக் கண்ணில் பட வேண்டும். தெருவில் நிற்பவனுக்காக எழுதிய விதி இது. போத்தானின் சங்கதி முழுக்க வாசலுக்கு உள்ளே இருக்கிறது.

செருப்பை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பாய் விரித்த அறைக்குப் போய்ச் சம்மணமிட்டால், மரப்பெட்டிக்குள் கனியும் பின்ச்சோ என்ற கெட்டியான மரக்கரி எதிரே வரும். அதன்மேல் ஒரு சின்ன இரும்புச் சட்டி. கோழிக்கறி, ஈரல், இரைப்பை, கொத்துக்கறி உருண்டை, சுட்ட தோஃபு (சோயாப் பன்னீர்), வெங்காயத்தாள் எல்லாம் சோயாவும் சர்க்கரையும் சேர்ந்த சாற்றில் வேகும். வெந்ததை அடித்த பச்சை முட்டையில் தோய்த்து வாயில் போட வேண்டும். (எங்கள் ஊர்க்காரர்கள் பச்சை முட்டை என்றதும் முகம் சுளிப்பார்கள். இரண்டாவது வாய்க்குப் பேச்சே இருக்காது.) கடைசியில் சட்டியில் மிஞ்சியதில் முட்டையை ஊற்றிச் சோற்றின்மேல் கவிழ்த்துக்கொள்வது. அங்கே சாப்பாடு என்றால் இந்த ஒன்றுதான்.

நாளைக்கே கரியை எடுத்துவிட்டு கேஸ் அடுப்பு வைத்தால், வெளித்தோற்றம் அப்படியே இருக்கும். உங்கள் பதிவேட்டில் ஓர் எழுத்தும் மாறாது. அதுதான் என் கவலை.

மரவீட்டில் நெருப்பா என்று நீங்கள் பயப்படுவது நியாயம். அருகிலேயே இருக்கும் 'யாபு சோபா' என்ற சோபா நூடுல்ஸ் கடை 2013 பிப்ரவரியில் தீப்பிடித்தது. 2014 அக்டோபரில் மறுபடி திறந்தார்கள், புதுக் கட்டடத்தில். சோபா திரும்பி வந்தது, பழைய வீடு வரவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குக் கரியைத் தடைசெய்வது சோம்பேறி வைத்தியம். தீ உணர்விகள், மின்கம்பிகளைப் புதுப்பிப்பது, கூரைக்கு மேல் தண்ணீர்க் குழாய் என்று செலவாகும் பாதுகாப்பில் பங்கெடுங்கள். உள்ளறைகளையும் கரி அடுப்பையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். டோக்கியோ நகரின் 23 வட்டங்களில் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொத்துவரி வாங்குவது நீங்கள்தானே? சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும் ஊரில், ஒரு பழைய மரவீடு நிற்கும் மண்ணுக்கு என்ன மதிப்புப் போடுகிறீர்கள் என்பதையும் ஒருமுறை யோசியுங்கள்.

அடுத்து ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரி தெருவிலிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டாம். உள்ளே போய் உட்காரட்டும். பசியோடு போனால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
அங்கே சாப்பிட வரும் ஒருவன்