மகரந்த ஊசியும் ஃபார்மலின் பயமும்

அன்புள்ள மலர்விழி,

அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மே மாதக் கடைசி என்பதால் ரயில் பாதையோரப் புல்லெல்லாம் பூத்துக் கிடக்கிறது. ஆய்வகத்திலேயே பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிகிறார்கள்.

கதிருக்கு ரை புல் மகரந்த ஒவ்வாமை உறுதியாகிவிட்டது, மருத்துவர் சொன்ன வழிகளில் ரசாயன முறையில் மாற்றிய மகரந்த ஊசியும் ஒன்று என்று எழுதியிருந்தாய். "பிணத்தைப் பதப்படுத்தும் மருந்தையா என் பிள்ளைக்குப் போடுகிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். நான் நாள்தோறும் புழங்கும் விஷயம் இது, கேட்பது நீ, சிகிச்சை கதிருக்கு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீ சொல்லும் அந்த மருந்து ஃபார்மலின், அதில் கரைந்திருக்கும் ஃபார்மால்டிஹைடை வைத்துத்தான் மகரந்தப் புரதத்தை மாற்றுகிறார்கள். ஃபார்மால்டிஹைடு விஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊசியில் இருப்பது, அது தன் வேலையை முடித்த பிறகு கிடைக்கும் புரதம். ஒட்டாமல் மிஞ்சியதை நீக்கிவிடுகிறார்கள். எவ்வளவு தங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். நம் உடலும் வளர்சிதை மாற்றத்தில் ஓயாமல் கொஞ்சம் ஃபார்மால்டிஹைடை உண்டாக்கிக்கொண்டும் அழித்துக்கொண்டும்தான் இருக்கிறது. பள்ளியில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டோமே, அந்த டெட்டனஸ் ஊசியில் இருப்பதும் ஃபார்மலினால் வீரியம் அடக்கப்பட்ட நச்சுதான். 1920களில் பிரான்ஸில் காஸ்டோன் ரமோன் டிப்தீரியா நச்சை இப்படி அடக்கிக் காட்டியபோது தொடங்கிய வழி அது.

மகரந்தத்துக்கு இந்த வழி வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. 1911இல் லண்டனில் லியோனார்ட் நூன் திமோத்தி புல்லின் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றிப் பார்த்தார். மகரந்தத்தில் ஏதோ நச்சு இருக்கிறது என்பது அவர் எண்ணம். எண்ணம் தவறு, சிகிச்சை பலித்தது. சிக்கல் அளவில்தான் இருந்தது. குறைவாகக் கொடுத்தால் பலன் இல்லை, கூட்டினால் அதே சாறு உடல் முழுவதும் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். பிரிட்டனில் 1957க்குப் பிறகு இத்தகைய ஊசிகளால் 26 பேர் இறந்திருந்தார்கள் என்று 1986இல் மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. அதன்பின் அங்கே இந்தச் சிகிச்சையே ஏறக்குறைய முடங்கிப்போனது.

1970இல் டேவிட் மார்ஷும் அவருடைய கூட்டாளிகளும் ரை புல் மகரந்தத்தில் ஒவ்வாமை தரும் புரதங்களில் முதல் தொகுதி என்று வகைப்படுத்தப்பட்ட புரதத்தை ஃபார்மலினோடு வினைபுரியவைத்து, அப்படிக் கிடைத்ததை அலர்காய்டு என்றார்கள். ஆம், கதிரைப் படுத்தும் அதே ரை புல்தான். இதன் சூட்சுமம் எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது. ஐஜிஇ என்கிற எதிர்ப்பொருள், தெருமுனையில் வரும்போதே நடையை வைத்து ஆளைச் சொல்லிவிடும் பாட்டியைப் போல, புரதத்தின் மடிப்பையும் வெளித்தோற்றத்தையும் வைத்தே அதை அடையாளம் காண்கிறது. கண்டதும் மாஸ்ட் செல்கள் என்கிற எதிர்ப்புச் செல்கள், தும்மலையும் அரிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. உடலின் எதிர்ப்பை வழிநடத்தும் டி செல்லோ முழுப் புரதத்தைப் பார்ப்பதே இல்லை. வேறு செல்கள் அதை நறுக்கிக் காட்டும் சிறு துண்டுகளைத்தான் படிக்கிறது. தோற்றத்தைக் குலைத்து, அமினோ அமில வரிசையைப் பெரும்பாலும் விட்டுவைத்தால், ஐஜிஇ ஏமாறும், டி செல் அந்தப் புரதத்தைப் பொறுத்துக்கொள்ளப் பாடம் கற்கும்.

இப்போது பல தயாரிப்புகளில் ஃபார்மால்டிஹைடுக்குப் பதில் குளுட்டரால்டிஹைடு பயன்படுகிறது. அதற்கு இரண்டு கைகள். ஒரு புரதத்தில் இருக்கும் லைசின் என்கிற அமினோ அமிலத்தை ஒரு கையாலும் பக்கத்துப் புரதத்தின் லைசினை மறு கையாலும் பிடித்துக்கொள்ளும். அதைச் சேர்த்ததும் வெளிறிய மகரந்தச் சாறு மெல்ல மஞ்சளேறும். பிறகு புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்ப்போம். மாற்றாத சாற்றில் 30 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அளவை ஒட்டி முதல் தொகுதிப் புரதமும் ஐந்தாம் தொகுதிப் புரதமும் தெளிவான கோடுகளாக நிற்கும். மாற்றிய சாற்றில் கோடே இருக்காது. ஜெல்லின் தலைமாட்டில் நீலத் தீற்றலாகப் பிசிறிக் கிடக்கும், சாற்றை ஊற்றும் குழியை விட்டு இறங்கக்கூட முடியாத பெரிய பின்னல்கள் அவை. ஒவ்வொரு முறையும் அந்தத் தீற்றலைப் பார்க்கும்போது எனக்கு ஒரு திருப்தி. ஆனால் அதை வைத்து மட்டும் மருந்து நல்லது என்று சொல்லிவிட முடியாது. நான் உன்னிடம் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இதுதான்.

லைசின்களைக் கட்டிப்போட்டால் புரதத்தை நறுக்கும் நொதிகளும் தடுமாறலாம். டி செல்லுக்கான பாடமும் சேர்ந்தே மங்கலாம். சில ஆய்வகங்கள் அப்படித்தான் அளந்திருக்கின்றன, வேறு சில அது நன்றாகவே தப்பிப் பிழைக்கிறது என்கின்றன. எவ்வளவு ஆல்டிஹைடு, எவ்வளவு நேரம், எந்தச் சாறு என்பது மாறினால் மருந்தே மாறிவிடுகிறது. ஒரு நிறுவனத்தின் அலகை இன்னொன்றின் அலகோடு ஒப்பிட முடியாது, பாதி வழியில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவவும் கூடாது. அதனால் "அலர்காய்டு நல்லதா?" என்று கேட்காதே. "இந்த மருந்துக்கு, இந்தப் புல்லுக்கு, கதிர் வயதுப் பிள்ளைகளிடம் முறையான சோதனை நடந்திருக்கிறதா?" என்று மருத்துவரிடம் கேள். ஐரோப்பியப் புற்கள் அடங்கிய தயாரிப்பு என்றால் அதில் ரை புல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

மெல்போர்னில் இருந்துகொண்டு இதை அலட்சியமாக விடவே கூடாது. 2016 நவம்பர் 21 இடிமழையை நீதான் நேரில் பார்த்தாயே, அது கிளப்பிய ஆஸ்துமாவில் பத்துப் பேர் இறந்தார்கள். ரை புல் மகரந்தம் ஈரத்தில் வெடித்தால் ஒரு மகரந்த மணியிலிருந்து சுமார் 700 மாவுத் துகள்கள் சிதறும். ஐந்தாம் தொகுதிப் புரதம் அவற்றில்தான் இருக்கிறது. முழு மகரந்தம் மூக்கோடு நின்றுவிடும், இந்தத் துகள்கள் நுரையீரலின் உள்ளே வரை போகும். அன்று பாதிக்கப்பட்டவர்களில் இந்தியத் துணைக்கண்டத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம். "வெறும் தும்மல்தானே" என்று இருந்தவர்கள் பலர்.

ஊசியைத் தவிர, நாக்கடியில் வைக்கும் புல் மகரந்த மாத்திரையும் இருக்கிறது. அது மாற்றப்படாத மகரந்தம், ஆனாலும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். கதிர் ஒழுங்காகத் தினமும் போடுவானா என்பதை நீதான் சொல்ல வேண்டும். எதுவானாலும் மூன்று வருடம் விடாமல் செய்ய வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் ஊசி போட்டவர்களுக்கு, நிறுத்திய பின்னும் மூன்று ஆண்டுகள் பலன் நீடித்ததாக 1999இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு வருடத்தோடு நிறுத்தியவர்களுக்கு அடுத்த ஆண்டே அந்தப் பலன் நிற்கவில்லை என்று 2017இல் இன்னொன்று வந்தது. தேர்வு, பயணம் என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

மாற்றிய மருந்து என்றாலும் ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், அட்ரினலின் கைவசம் இருக்க வேண்டும். மூச்சிரைப்பு இருக்கும் நாளில் ஊசியே வேண்டாம். ஆஸ்துமா இன்ஹேலரை இந்தச் சிகிச்சையை நம்பி நிறுத்தவும் கூடாது.

உங்களுக்குக் குளிர்காலம் தொடங்குகிறது. அக்டோபரில் புல் பூப்பதற்குள் தொடங்கிவிட இதுதான் நேரம். மருத்துவர் எழுதித் தரும் மருந்தின் பெயரையும் உள்ளே இருக்கும் தாளையும் படம் எடுத்து அனுப்பு. உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டு உடனே எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம், கதிருக்கு முத்தம்.

அன்புடன்,
கோமதி