கார் இன்ஜின் என்றால் இளக்காரமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய ரேஸ் பைக்குகளைப் பற்றி வந்த கட்டுரை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் சைட்கார் ரேஸில் (பைக்கின் பக்கவாட்டில் ஒரு சக்கரத்தோடு தட்டு மாதிரி ஒன்றைச் சேர்த்து, இரண்டு பேர் போகிற ரேஸ்) கார் இன்ஜின் போட்டவர்களை, நல்ல பைக் இன்ஜின் வாங்க வக்கில்லாதவர்கள் என்கிற மாதிரி ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள், அதுதான் பொறுக்கவில்லை.

பணமும் ஒரு காரணம்தான், சரி. ஆனால் பிரிட்டனில் அவர்கள் தேடிப் பிடித்தது ஹில்மன் இம்ப் இன்ஜினை. 1963-ல் வந்த குட்டிக் கார், 875 சிசி, நாலு சிலிண்டர், பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். அதன் பூர்வீகம் என்ன தெரியுமா? கோவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனி 1950-ல் தீயணைப்பு பம்புக்காகச் செய்த இன்ஜின்! ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பம்ப் என்பதால் எடையைக் குறைத்தார்கள், அப்புறம் அதே குடும்பத்து இன்ஜின்கள் ரேஸ் கார்களிலும் ஏறிவிட்டன. (பம்ப்செட் ஊர்க்காரன் இதைச் சொல்லாமல் விடுவேனா?)

தனி பைக் வளைவில் சாயும், அகலமான இன்ஜின் வைத்தால் தரையில் உரசும். சைட்கார் வண்டி அப்படிச் சாயாது. அதோடு இம்ப் இன்ஜின் காரிலேயே 45 டிகிரி சரித்து வைக்கப்பட்டது என்பதால், முழங்காலிட்டு ஓட்டுகிற அந்தத் தாழ்வான வண்டிக்குத் தோதாக அமைந்தது. கார் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு பைக் கியர்பாக்ஸை மாட்டி, செயின் போட்டு, ரேடியேட்டருக்கும் இடம் கண்டுபிடிக்க வேண்டும், பட்டறையில் நின்றவர்களுக்குத்தான் அந்தப் பாடு புரியும்.

உலக சாம்பியன்ஷிப்பில் அப்போது 500 சிசிதான் வரம்பு, அதனால் இம்ப் வண்டிகள் உள்நாட்டுப் பந்தயங்களோடு நின்றன. 1954 முதல் 1974 வரை சாம்பியன் பட்டியல் பெரும்பாலும் பிஎம்டபிள்யூதான். அந்த பிஎம்டபிள்யூ படத்துக்குக் கீழே போய் 'கார் இன்ஜின்' என்று போட்டிருக்கிறீர்களே! இரண்டு பக்கமும் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருக்கும் அது பைக்குக்கென்றே செய்த பாக்ஸர் இன்ஜின். கார் இன்ஜின் பைக்தான் வேண்டும் என்றால், ஜெர்மனியில் 1966-ல் ஃப்ரீடல் முன்ஷ் என்பவர் என்எஸ்யூ கார் இன்ஜினை வைத்துச் செய்த மாமுட் என்ற பைக் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

அப்புறம், ஓட்டுபவரோடு சைட்காரில் போகிற பாசஞ்சரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சைட்கார் இடது பக்கம் இருந்தால், இடது வளைவில் அவர் ரோட்டை உரசுகிற அளவுக்கு வெளியே தொங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் சைட்காரின் சக்கரம் மேலே கிளம்பிவிடும். வலது வளைவு வந்ததும் ஓடிவந்து பின்சக்கரத்தின் மேல் சாய வேண்டும். படங்களில் ஓட்டுபவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த முறை பாசஞ்சர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு வாசகர், கோவை