மருதங்கன்றுகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஊரவர்களுக்கு,

செப்டெம்பர் 1 முதல் புனித பிரான்சிஸ் அசிசியாரின் திருநாளான ஒக்டோபர் 4 வரை இயற்கையைப் பேணுவதற்காகத் திருச்சபை கொண்டாடும் படைப்பின் காலத்தில், மரம் நடும் வேலையில் எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நின்ற எல்லோருக்கும், கத்தோலிக்க பாட ஆசிரியையாக நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் பங்குத்தந்தைக்கு. இயற்கையைப் பேணுவது பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் வரக்கூடிய ஒரு பெயரும் ஆண்டும்தான். ஃபாதர் கல்வியைப் பற்றிப் பேசும் ஆறாம் அதிகாரத்தை மட்டும் எடுத்தார். பிளாஸ்டிக்கைக் குறைப்பது, மரம் நடுவது, சாப்பிடக்கூடிய அளவுக்கு மட்டும் சமைப்பது. பாப்பரசர் சமையலைப் பற்றியுமா எழுதுவார் என்று பின்வரிசையில் சிரிப்பு. அப்புறம், 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளரின் கூலிக்காக எழுதியதையும் இதையும் சேர்த்து வைத்து, "குளம் வத்தினா முதல்ல கடன்படுறது ஆர்?" என்று கேட்டார். ஒருவரும் யோசிக்கவில்லை. "குத்தகைக்கு வயல் செய்யிற ஆக்கள், ஃபாதர்!" திருச்சபையின் சமூகப் படிப்பினையை நான் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

கமக்காரர் அமைப்பின் பெரியவருக்குத் தனியாக நன்றி. பிள்ளைகள் குளக்கட்டின் மேலே வரிசையாக மரம் நடப் படம் கீறி வைத்திருந்தார்கள். ஐயா படத்தைப் பார்த்துவிட்டு, "கட்டில வேண்டாம் பிள்ளையள். மரம் பட்டு வேர் உக்கினா அந்த ஓட்டையால தண்ணி கசியும். அலைகரைப் பக்கம் மருது வையுங்கோ, அது தண்ணிக்குள்ள நிண்டும் சாகாது" என்றார். எந்தப் பாடநூலிலும் இது இல்லை. மழை தொடங்கியதும் கன்றுகளை அங்கேயே வைத்தோம்.

நடுவதற்கான பனங்கொட்டைகளை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி இறக்கிய தம்பிக்கும், டீசல் காசு வாங்க மறுத்த அவருடைய அம்மாவுக்கும் நன்றி. நாற்றுகளுக்குத் தண்ணீர் தந்தது அம்மன் கோயில் கிணறு. கத்தோலிக்க பாடத்துக்கு எங்கள் கிணறா என்று நிர்வாக சபையில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சுற்றுமடலும், பூமியில் வாழும் ஒவ்வொருவரோடும் பேச விரும்புவதாகத் தொடக்கத்திலேயே சொல்கிறது.

சிற்றுண்டிச்சாலை அக்காவை மறந்தால் பிள்ளைகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். சாப்பாடு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான லஞ்ச் சீற்றை அரசாங்கம் 2017இலேயே தடைசெய்தும் கடைகளில் அது இன்னும் கைக்கு வருகிறது. அக்கா குளத்துத் தாமரை இலையில் கடலை சுற்றிக் கொடுக்கத் தொடங்கினார். சூட்டில் இலை வாடி வரும் மணத்துக்காகவே இப்போது இரண்டாம் முறை வரிசையில் நிற்கிறார்கள். செலவு கூடவில்லை, இலை பறிக்கும் வேலைதான் கூடிவிட்டது.

ஆடி, ஆவணி வெயிலுக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பிள்ளைகளின் முறைப்பட்டியலை அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறோம். அலைகரையில் மாடு கட்டுகிறவர்கள் கயிற்றைக் கொஞ்சம் கட்டையாக விட்டால், அதற்கும் இப்போதே நன்றி.

அன்புடன்,
கத்தோலிக்க பாட ஆசிரியை