மஸ்கெலியாவிலிருந்து மட்டக்குளி வரை

மட்டக்குளி,
ஞாயிறு இரவு

அன்பு மகன்,

"அம்மா, இந்த வயதில் கித்துல்கல வரைக்கும் பஸ்ஸில் போய் ஊர்க் கூட்டத்தில் உட்காரத்தான் வேண்டுமா?" என்று போன கிழமை கேட்டாய். பஸ் இரைச்சலில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே களனி கங்கைக் கரையில் ஒரு சொகுசு விடுதி கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. தண்ணீரை ஒட்டியே மரவீடுகளாம், நீச்சல் குளமாம். ஊர்ச்சனம் வேண்டாம் என்கிறது. ரப்பர் படகு விடும் பையன்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். அதே ஆற்றில் பிராட்லண்ட்ஸ் நீர்மின் திட்டம் வந்தபோதும் அந்தப் படகுக்காரர்கள் ஆற்றுக்காகப் பேசினார்கள்.

நான் மஸ்கெலியாவில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். எந்த மஸ்கெலியா என்று நான் சொன்னதில்லை. நீ பார்த்த டவுன் புதிது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து நான் திருவிழா பார்த்த பழைய டவுன், மின்சாரத்துக்காகக் கட்டிய மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. அறுபதுகளின் கடைசியில் கடைத்தெரு, கோவில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் தண்ணீருக்குள் போயின. கடும் வரட்சி வந்தால் கோவில் வெளியே தெரியும். சனம் சேற்றில் நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வரும். உன் பாட்டியும் ஒருமுறை போனாள். வாசற்படியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாட்டுக்குக் கரண்டு வேணுந்தான், ஆனா நம்மள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடியுரிமை இல்லாமல் போன தேயிலைத் தோட்டத்து ஆட்களை அன்று யார் கேட்பார்கள்?

இப்போது கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது, மகன். நான் போவதற்கு அதுதான் காரணம்.

அறைகள் நூறுக்குள்தான், அதனால் சுற்றாடல் அனுமதி தேவையில்லை என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். 99 அறைகளுக்கு மேல் போனால்தான் அனுமதி வேண்டும் என்று அரசாங்க வர்த்தமானியில் இருப்பது உண்மை. ஆனால் 1993இல் வந்த அதே வர்த்தமானியில் இன்னொன்றும் இருக்கிறது. ஓர் ஆறு, அது ஓடும் வழியில் எங்காவது ஓர் இடத்தில் 25 மீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால், அதன் கரையிலிருந்து 60 மீட்டருக்குள் வரும் விடுதிக்கு அறைக்கணக்கே கிடையாது. சின்னதானாலும் அனுமதி வாங்க வேண்டும். களனி கங்கை எவ்வளவு அகலம் என்று சந்தேகம் இருப்பவர்கள் அது கடலில் சேருகிற நம் மட்டக்குளிக்கு வந்து பார்க்கட்டும். இதை நான் எழுந்து நின்று சொன்னேன். என் சிங்களம் அங்கங்கே தடுமாறியது, ஆனால் விளங்கிவிட்டது.

அப்புறம் ஒரு நுணுக்கம். அனுமதி கொடுக்குமுன் சுருக்கமான ஆரம்ப அறிக்கை கேட்கலாம், அல்லது முழு மதிப்பீடு கேட்கலாம். ஆரம்ப அறிக்கையோடு விஷயத்தை முடித்துவிட்டால் பொதுமக்களுக்கு இடமில்லை. முழுச் சுற்றாடல் மதிப்பீடு என்றால்தான் அறிக்கையைப் பார்த்து 30 நாட்களுக்குள் எதிர்ப்பை எழுதலாம். அந்த முழு அறிக்கையைத்தான் கேட்கிறோம். பாட்டிக்குக் கிடைக்காத அந்த ஒரு வார்த்தை இந்த முப்பது நாட்களுக்குள் இருக்கிறது.

விடுதி வேண்டும் என்பவர்களும் அங்கே இருந்தார்கள். பஸ்தரிப்புக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கார அம்மா, "என் மகனுக்கு வேலை கிடைக்கும், கொழும்பிலிருந்து வந்து அதைக் கெடுக்காதீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. நீ கத்தாருக்குப் போன அன்று நான் அழுத அழுகை எனக்கு ஞாபகம் இருக்கிறதே. ஆற்றை விட்டுத் தள்ளிக் கட்டினாலும் அந்தப் பையனுக்கு வேலை கிடைக்கும் என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. ஆனால் தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அது எங்கேயோ மேலே நடக்கிற விஷயம் என்று நினைக்காதே. களனி 145 கிலோமீட்டர். நான் குழந்தையாகப் பீலியில் குடித்த மலைத்தண்ணீர் மஸ்கெலி ஓயாவில் சேர்ந்து, கெஹெல்கமு ஓயாவோடு கலந்து, கித்துல்கல தாண்டி, அம்பத்தலையில் சுத்தமாகி நம் குழாய்க்கு வருகிறது. மேலே விடுகிற கழிவும் அதே வழியாகத்தான் வரும். கரையை இறுக்கினால் வெள்ளம் என்ன செய்யும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2016 மே மாதம் கொலன்னாவையில் உன் சிநேகிதன் வீட்டில் நீயே இடுப்பளவு தண்ணீரில் நின்றாய்.

எழுதி என்ன பலன் என்றும் கேட்டாய். பத்தரமுல்லையில் வெள்ளநீர் தேங்குவதற்கென்று பொதுத் தேவைக்கு எடுத்த காணியைக் கோல்ஃப் மைதானத்துக்குக் கொடுத்தார்கள். அதற்கு எதிராகப் பொதுமக்கள்தான் நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றமான உயர் நீதிமன்றம் போனார்கள். 2008இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகாவே 30 இலட்சம் ரூபாய் கட்ட வேண்டி வந்தது.

சரி, உன்னிடம் ஓர் உதவி. அறிக்கை வெளிவந்தால் கழிவுநீர் பற்றிய பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். வேலை முடிந்து வந்து ஒரு மணித்தியாலம் பார். எத்தனை பேருக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், கழிவுக் குழி ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், வெள்ளம் ஏறினால் அந்தக் குழிக்கு என்ன நடக்கும். நீ தமிழில் எழுதி அனுப்பு, சிங்களத்தில் எழுத பக்கத்து வீட்டு டீச்சர் இருக்கிறார்.

வெயிலில் தொப்பி போடாமல் நிற்காதே. மருமகளுக்கும் சின்னவளுக்கும் என் அன்பு.

அம்மா