வாழைமர நோட்டுக்கு ஓர் அடிக்குறிப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

1942ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த பிப்ரவரி 15 வந்தால், சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷிட்டா, கையெழுத்தான ஃபோர்டு தொழிற்சாலை என்று எல்லாரும் பேசுகிறோம், அத்தோடு சரி. சரணாகதிக்குக் கையெழுத்துப் போட்ட அந்தத் தேக்கு மேசை இப்போது எங்கே என்று கேட்டால் பலர் முழிப்பார்கள். அது கேன்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. நம் மேசை அங்கே எப்படிப் போகலாம் என்று சண்டைக்கு நிற்க நான் இதை எழுதவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் பத்திரப்படுத்தும் அந்தப் பழக்கத்தை அவர்களுக்கு ஏற்படுத்தியவர் ஒரு பத்திரிகை நிருபர், அதனால்தான் இதை உங்களிடம் சொல்லத் தோன்றியது.

அவர் பெயர் சார்லஸ் பீன். 1879ல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபர்டில் படித்தவர், வக்கீலாக இருந்துவிட்டுச் சிட்னியில் பத்திரிகைக்கு வந்தவர். 1914ல் முதல் உலகப் போர் வந்தபோது பத்திரிகையாளர் சங்கம் வாக்கெடுப்பு நடத்தி அவரைப் போர் நிருபராக ஆஸ்திரேலியப் படையோடு அனுப்பியது. 1915 ஏப்ரல் 25ல் துருக்கியின் கலிப்போலிக் கரையில் படை இறங்கிய அன்றே இவரும் இறங்கினார். ஆகஸ்டில் காலில் குண்டு பாய்ந்தபோதும் ஊருக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்லிப் பதுங்குகுழியிலேயே கிடந்தார். அப்புறம் போர் வரலாறு எழுதும் வேலை, மொத்தம் 12 தொகுதிகள், அதில் ஆறு அவர் கைப்பட எழுதியவை, முடிய 1942 ஆகிவிட்டது.

அந்தத் தொகுதிகளில் என்னை இழுத்தவை அடிக்குறிப்புகள்தான். சண்டையை விவரிக்கும்போது ஒரு சாதாரண சிப்பாயின் பெயர் வந்தாலும் பக்கத்தின் அடியில் அவருக்கு ஒரு குறிப்பு உண்டு: எந்தப் படைப்பிரிவு, ராணுவத்துக்கு முன் என்ன தொழில், எந்த ஊர், எங்கே பிறந்தார், களத்தில் இறந்திருந்தால் என்றைக்கு. ஜெனரலுக்கும் அப்படித்தான், ஆட்டுக்கு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தவருக்கும் அப்படித்தான். பீனை மகான் என்று சொல்ல வரவில்லை. 1918ல் மொனாஷ் என்ற ஜெனரல் ஆஸ்திரேலியப் படைக்குத் தளபதியாவதைத் தடுக்கத் திரைமறைவில் வேலை பார்த்தவர் அவர், மொனாஷ் யூதர் என்பதும் அந்த எதிர்ப்பில் கலந்திருந்தது. இருந்தாலும் அந்த அடிக்குறிப்புகளுக்காக அவரை நான் மன்னித்துவிடுவேன்.

பொருள்களைக் கவனித்தவர் ஜான் டிரெலோர். 1917ல் லண்டனில் தொடங்கிய போர் ஆவணப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. களத்தில் கிடைத்த பொருளை அப்படியே அனுப்பினால் போதாது, எங்கே கிடைத்தது, எந்தப் பிரிவு எடுத்தது என்று சீட்டு எழுதிக் கட்டி அனுப்ப வேண்டும். பல ஆண்டுகள் நினைவகத்தின் இயக்குநராக இருந்து, கடைசிக் காலத்தில் அங்கேயே படுத்துத் தூங்கி வேலை பார்த்து, 1952ல் போய்ச் சேர்ந்தார். அந்த நினைவகம் திறந்தது 1941 நவம்பர் 11. மூன்றே மாதத்தில் சிங்கப்பூர் விழுந்து சுமார் 15,000 ஆஸ்திரேலியர்கள் கைதியானார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். சரணடைந்த இரண்டாம் நாள் ஃபேரர் பார்க்கில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியர் கையில் ஒப்படைக்கப்பட்டார்கள். பிறகு நேதாஜி வந்தார், மலாயா ரப்பர் தோட்டத்துப் பெண்கள்கூட அவருடைய ஜான்சி ராணிப் பெண்கள் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். அதே தோட்டங்களிலிருந்துதான் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பானியர் தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவுச் சுவரில், இறந்த வீரர்களின் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, இந்தியச் சிப்பாய்களும் அதில் உண்டு. பால்மரம் சீவியவர் சிப்பாய் இல்லையே, அவருக்கு அந்தச் சுவரில் இடமில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றில் தமிழ்ப் பேட்டிகள் இருப்பது பெரிய ஆறுதல், ஆனால் பேட்டி கொடுக்காமலே போனவர்கள்தான் அதிகம்.

அவர்கள் வைத்திருந்த பொருள்கள் மட்டும் இன்னும் நம் வீடுகளில் கிடக்கின்றன. தீபாவளிக்கு முன்பு அலமாரியைச் சுத்தம் செய்யும்போது பழைய தகரப்பெட்டி அப்படியே பழைய சாமான் வாங்க வரும் கராங்குனிக்காரரிடம் போகிறது. வாழைமரப் படம் போட்ட, ஜப்பானியர் ஆட்சிக்காலத்துப் பத்து வெள்ளி நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சாமான் கடையில் அது வெறும் காகிதம். இது இன்னாருக்குச் சம்பளமாக வந்தது, அவர் இன்ன வேலை பார்த்தார், இன்ன ஊரில் பிறந்தார் என்று பின்னால் ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் அருங்காட்சியகத்தில் இருப்பவர்களே அதைத் தேடி வருவார்கள்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். பத்திரிகையில் வாரம் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். வாசகர் தன் வீட்டுப் போர்க்காலப் பொருளைக் கைப்பேசியில் படமெடுத்து, பீன் பாணியில் நான்கு வரி எழுதி அனுப்பட்டும். பொருளை யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். ஊர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதலாம், வேறு யாராவது படித்துவிட்டுச் சொல்லக்கூடும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வாழைமர நோட்டு இருக்கிறது, எந்த முகவரிக்கு அனுப்புவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்